அமாவாசையன்று ஊதிய மூச்சு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோர் கையிலும் இந்நேரம் ஒரு மூச்சு மெஷினைக் கொடுத்திருப்பார்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. மூச்சை அடக்கி ஊதச் சொல்வீர்கள், ஒரு எண் வரும், அதைப் பார்த்து இந்த மனுஷர் பீடியை விட்டாரா இல்லையா என்று எழுதுவீர்கள். அந்த மெஷின் மேல் எனக்கு இருந்த மோகத்தை என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் அதைப் பற்றி நாலு வார்த்தை குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பீடி, சிகரெட்டை விட வைக்கும் ஆராய்ச்சிதான் என் பிழைப்பு. யாரால் விட முடிகிறது, யாரால் முடியவில்லை, அது ஏன் என்பதுதான் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஆபீஸில் இருப்பவரும் கூலிக்குப் போகிறவரும் ஒரே அளவு புகைத்தாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு முதலில் வருவது கூலிக்காரர்தான். அந்த வித்தியாசம் எனக்கு எப்போதும் ஆத்திரத்தை உண்டாக்கும். அப்படி ஆத்திரப்பட்ட நானே அந்த வித்தியாசத்தை இன்னும் ஒரு பிடி கூட்டப் பார்த்த கதை இது. அதைத் தடுத்தவர்கள் இரண்டு பேர். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு மெஷின் மேல் ஏன் அவ்வளவு நம்பிக்கை வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு நோட்டும் பேனாவும்தான். ரஞ்சன்குடியில் கோட்டைக்குப் போகிற வழியில் ஒருவர் மக்காச்சோளக் காட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"அண்ணே, பீடி குடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

"சேச்சே, அதெல்லாம் கெடையாதுங்க."

அவர் சொல்லி முடிக்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பித் தலைக்கு மேலே வந்தது. நானும் பார்த்தேன், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று நான் போய்க்கொண்டிருக்க, கடைசியில் விரல் சுட்டு "ஸ்ஸ்" என்று கையை உதறினார். நோட்டில் நான் 'இல்லை' என்றுதான் எழுதினேன்.

அவர் என்னை ஏமாற்றவில்லை. எனக்கு மரியாதை கொடுத்தார். வெளியூரிலிருந்து வந்த, படித்த பொம்பளை முன்னால் பீடியும் கையுமாக நிற்கக் கூடாது என்பது அவர் ஒழுங்கு. ஆனால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் ஆராய்ச்சி எழுத முடியாதே! இப்படி எத்தனை 'இல்லீங்க' கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் மூச்சு மெஷின் வந்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. அது ரத்தத்தில் ஏறி, மூச்சில் வெளியே வரும். பீடியைத் தொடாமல் இருந்தால் சில மணி நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிடும். எண் ஒற்றை இலக்கத்தில் நின்றால் ஆள் விட்டுவிட்டார், அதற்கு மேல் போனால் விடவில்லை. வாய் மரியாதைக்காகப் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது என்று பயிற்சி வகுப்பு தவறாமல் முழங்கினேன். உங்களில் சிலருக்குப் பாடம் எடுத்தவர்கள் என்னிடம் அதைக் கேட்டவர்கள்தான்.

நான் கடைசியாக நடத்திய பெரிய ஆய்வில் மூன்று விதமான ஆட்கள் இருந்தார்கள். அரியலூர் டவுனில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற விவசாயிகள், திருமானூர் பக்கம் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆலோசனை, ஒரே மாதிரி உதவி. முதல் மாதம் ஒரு மூச்சு, மூன்றாம் மாதம் ஒரு மூச்சு. யார் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்பது.

இதில் இரண்டு ஏற்பாடுகள் என் சொந்த யோசனை. இரண்டையும் பற்றிப் பெருமையாகப் பேசித் திரிந்திருக்கிறேன். ஒன்று, ஆபீஸ்காரர்களுக்குக் காலையில் அவர்கள் வேலை தொடங்கும் முன்பே பரிசோதனை, கூலி வேலைக்காரர்களுக்குச் சாயங்காலம். காலையில் கூப்பிட்டால் அவர்களுக்கு அன்றைய வேலை கெட்டுவிடும் என்ற கரிசனம். இரண்டு, எண்ணை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்து, விட்டவருக்குக் கைதட்டுவது. ஊரே தட்டினால் உற்சாகம் வரும் என்று நினைத்தேன். வந்தது. முதல் மாதம் திருமானூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் போட்ட சத்தத்துக்கு நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன.

அந்தக் கிராமங்களில் எங்களுக்குக் களப்பணி செய்தவள் திருமானூர்க்காரி. என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் எங்களிடம் வந்தாள், அதனால் ஆபீஸில் அவளை 'வாத்தியாரம்மா' என்றே கூப்பிடுவோம். பெயரை எழுதினால் என்னோடு பேசமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறாள், எழுதவில்லை. எண்ணெய் குறைந்தால் இருமுகிற ஒரு பழைய மொபெட்டில் ஊர் ஊராகப் போவாள். யாரிடமும் பீடி குடிப்பீங்களா என்று கேட்கமாட்டாள். "ஒரு நாளைக்கு எத்தன கட்டுண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பாள். "இல்லைன்னு சொல்றதுக்கு அவரு சிரமப்படணும் மேடம், ஆமான்னு சொல்றதுக்கு நாம சிரமப்படுத்தக் கூடாது" என்பாள். இருபது வருஷம் புத்தகம் படித்து நான் தெரிந்துகொள்ளாததை அவள் இப்படிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கலியபெருமாள் அந்தக் கிராமத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். படிவத்தில் தொழில் 'விவசாயக் கூலி'. ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் பீடி. அவர் விட்டதற்கு ஆலோசனை காரணமில்லை, அவர் மனைவி அஞ்சலைதான் காரணம். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். "பீடி குடிக்கிற கையால என் பேரப்புள்ளயத் தொடக் கூடாது" என்று அஞ்சலை கறாராகச் சொல்லிவிட்டாள். கலியபெருமாள் பீடிக் கட்டைத் தூக்கிப் போட்டார். ஐப்பசியில் பேரன் பிறந்தான். அந்த மாதமே நடந்த முதல் பரிசோதனையில் அவர் எண் ஒற்றை இலக்கத்தில் நின்றது. அன்றைக்கு அதிகமாகக் கைதட்டு வாங்கியவர் அவர்தான்.

மார்கழியில் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நானே போயிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். கலியபெருமாள் வேலையிலிருந்து நேராக வந்தார். கையெல்லாம் கறுத்திருந்தது. சட்டையில் ஒரு தித்திப்பான வாசனை. இரண்டையும் கவனித்தேன், இரண்டையும் பற்றி யோசிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மெஷினை வாங்கி ஊதினார்.

எண் ஏறியது. பத்தைத் தாண்டி, பதினைந்தைத் தாண்டி, இருபதுக்கு மேல் போய் நின்றது.

வழக்கப்படி எண்ணைச் சத்தமாகப் படித்தேன். யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நான் தொடவே இல்லீங்கம்மா" என்றார் கலியபெருமாள்.

எனக்கு ரஞ்சன்குடிக்காரர் முதுகுக்குப் பின்னால் எழுந்த புகைதான் கண்ணில் தெரிந்தது. "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. பரவாயில்ல, மறுபடியும் முயற்சி பண்ணுங்க" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்! மன்னிக்கிறவள் குரலில் சொன்னேன். அவர் மெஷினை மேஜை மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். கூட்டத்தின் ஓரத்தில் அஞ்சலை பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு அந்த ஊரில் இன்னும் பலருக்கு எண் ஏறியிருந்தது. பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். ஆபீஸ்காரர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள், வெங்காய விவசாயிகள் சுமார், திருமானூர் பக்கத்துக் கூலிக்காரர்கள் மூன்றாம் மாதம் சரிந்திருந்தார்கள். முடிவு கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆய்வுக்கு நிதி கொடுத்த நிறுவனத்திலிருந்து பொங்கலுக்கு முந்தின வாரம் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்காக ஒரு அறிக்கை எழுதினேன். அதில் ஒரு வரி: அன்றாடக் கூலிகளிடம் உறுதி மூன்றாம் மாதத்துக்கு மேல் நிலைப்பதில்லை, எனவே அடுத்த கட்டத்தில் ஆட்களையும் நேரத்தையும் மற்ற குழுக்களுக்குத் திருப்பலாம். நாகரிகமாக எழுதியதால் அப்படி. பச்சையாகச் சொன்னால், இந்த ஜனங்கள் தேறமாட்டார்கள், விட்டுத்தள்ளுங்கள் என்று அர்த்தம். ஏற்றத்தாழ்வைப் பற்றி ஊர் ஊராகப் பேசின நான்தான் எழுதினேன், வேறு யாரும் இல்லை.

பார்வையிட வருகிற அன்று காலை பெரம்பலூர் ஆபீஸில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது வாத்தியாரம்மா உள்ளே வந்தாள். அவள் திருமானூரில் இருக்க வேண்டிய நாள். என் மேஜை மேல் மூன்று பரிசோதனை அட்டைகளைச் சீட்டு பரப்புவது போல வரிசையாக வைத்தாள்.

"இத மொதல்ல பாருங்க மேடம்."

முதல் அட்டை கலியபெருமாளுடையது. வேலை நாள் சாயங்காலம் எடுத்தது, எண் மறுபடியும் இருபதுக்கு மேல். இரண்டாவதும் அவருடையதுதான், எண் மூன்று. மூன்றாவது அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாத்தியாரம்மா தன் பெயரையே எழுதியிருந்தாள், எண் பதினெட்டு.

"என்ன விளையாட்டு இது? யார் உன்னை மெஷினை எடுத்துட்டுப் போகச் சொன்னது?"

"எனக்கு லீவு சொல்லிட்டுத்தான் போனேன் மேடம். மெஷினுக்கு லீவு சொல்லல, அது தப்புதான்" என்றாள். சிரிக்கவில்லை. "கலியபெருமாளு அண்ணன் இப்ப வயல் வேலைக்குப் போவல. வருசா வருசம் கார்த்திகை பொறந்தா வெல்லம் காய்ச்சுற கொட்டகையில அடுப்பு எரிக்கப் போயிடுவாரு. சுத்துப்பட்டுல எண் ஏறுன நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரும் இப்ப அந்த மாதிரிக் கொட்டகையிலதான். நம்ம படிவத்துல இன்னும் விவசாயக் கூலின்னே கெடக்கு."

திருமானூர் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு அந்தக் கொட்டகை தெரியும். கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். அடுப்பு கொப்பரைக்கு அடியில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும். அதன் வாயில் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு காய்ந்த கரும்புச் சக்கையை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பு தணிந்தால் பாகு கெட்டுவிடும். பொங்கல் நெருங்க நெருங்க வேலை அதிகம். அடுப்பு விடுகிற புகை முழுவதும் மேலே போகாது, பாதி உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். சக்கை எரிந்தாலும் பீடி எரிந்தாலும் வருவது அதே வாயு. மெஷினுக்கு இரண்டும் ஒன்று.

"அமாவாசைக்கு அடுப்பு பத்த வைக்கமாட்டாங்க மேடம், எல்லாருக்கும் லீவு. பீடி குடிக்கிறவரா இருந்தா அன்னிக்கும் குடிச்சிருப்பாருல்ல? கூடவே குடிச்சிருப்பாரு, வூட்டுலதான இருக்காரு. அதான் அன்னிக்குச் சாயந்தரம் போயி ஊதச் சொன்னேன். மூணு வந்துச்சு."

"இந்தப் பதினெட்டு?"

"மறுநாளு கொட்டகைக்குப் போனேன். வெல்லம் வாங்க வந்தேன்னு சொல்லிட்டு அண்ணன் பக்கத்துல பள்ளத்துல எறங்கி உக்காந்துட்டேன். காலைலேருந்து மூணு மணி வரைக்கும் நானும் சக்கை தள்ளுனேன். மேல வந்து ஊதுனேன். பொறந்ததுலேருந்து பீடிய மோந்துகூடப் பாத்ததில்ல, இந்த மெஷின் என்னயப் பீடி குடிக்கிறவன்னு சொல்லுது மேடம்."

அவள் கையைப் பார்த்தேன். இரண்டு நாள் ஆகியும் நகக்கண்ணில் கரி போகவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. போனால் வேலைக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷம் பயிற்சி வகுப்பில் முழங்கின எனக்குத் தோன்றாத சோதனையை அவள் தன் உடம்பை வைத்தே செய்து முடித்திருந்தாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஊதின ஆபீஸ்காரர் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து வந்து ஊதினார். அடுப்புக்காரர் நாளெல்லாம் புகையைக் குடித்துவிட்டு வந்து ஊதினார். பரிசோதனையைச் சாயங்காலம் வைத்தது நான், கரிசனத்தோடு வைத்தது நான்.

"இன்னொண்ணு மேடம்" என்றாள் வாத்தியாரம்மா. இந்த முறை குரல் இறங்கியிருந்தது. "அன்னிலேருந்து பேரன அவரு கையில குடுக்கலயாம் அந்தக்கா. தை பொறந்தா மாப்ள வூட்டுல வந்து அழைச்சிட்டுப் போயிடுவாங்க. நாலே நாளுதான் இருக்கு."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு முதலில் தோன்றியது, இன்றைக்கு அறிக்கையை அப்படியே படித்துவிடலாம், பிறகு நிதானமாகச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். மூன்று அட்டையை வைத்து ஒரு ஆய்வை மாற்ற முடியாது என்பதும் உண்மைதானே? ஆனால் பிறகு திருத்தலாம் என்று நினைக்கும்போது, அந்த 'பிறகு' வரைக்கும் யார் தலையில் பழி உட்கார்ந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். என் தலையில் இல்லை. கலியபெருமாள் தலையில். நான் அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தை உருவி எடுத்தேன்.

பார்வையிட வந்த குழுவின் தலைவர் நல்ல மனுஷர்தான், ஆனால் கறார். நான் விஷயத்தைச் சொல்லி, திருமானூர் முடிவை நிறுத்தி வைக்கிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"மூன்று அட்டையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் வேலையை மாற்றுகிறீர்களா?"

"மாற்றவில்லை சார், நிறுத்துகிறேன். மாற்றுவதற்கு மூன்று அட்டை போதாது. நிறுத்துவதற்கு ஒன்றே போதும்."

"அந்த அட்டைகளை எடுத்தது யார்?"

வாத்தியாரம்மா கதவோரம் நின்றிருந்தாள். அனுமதியில்லாமல் மெஷினைக் கொண்டுபோனதற்கு என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். நான் அவளை முந்திக்கொண்டு, "எங்கள் களப்பணியாளர். என் படிவத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் போய்க் கேட்டிருக்கிறார். தப்பு படிவத்தில், படிவம் என்னுடையது" என்றேன். தலைவர் மூன்றாவது அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "எல்லோரையும் வேலைக்குப் போகும் முன் மறுபடி எடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாசியில் எல்லோரையும் விடியற்காலையில் எடுத்தோம். சிலர் உண்மையிலேயே பீடிக்குத் திரும்பியிருந்தார்கள். பெரும்பாலோர் அடுப்புப் புகையால் பழி சுமந்தவர்கள்.

ஆனால் கலியபெருமாளுக்கு மாசி வரை பொறுக்க முடியாது. கூட்டம் முடிந்த கையோடு நானும் வாத்தியாரம்மாவும் பஸ் ஏறினோம். அரியலூரில் மாறி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலை வாசலில் பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகள் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் அப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்து, போர்வெல் மோட்டார் பக்கம் கை கால் கழுவப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

தெருவில் நாலு பேர் கூடினார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் சொன்ன பழியை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். "கலியபெருமாள் பீடியைத் தொடவே இல்லை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் புகை கொட்டகை அடுப்போடது. என்னை மன்னிச்சிடுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். வாத்தியாரம்மா அமாவாசை அட்டையை அஞ்சலையிடம் நீட்டினாள்.

அஞ்சலை அட்டையை வாங்கவில்லை. சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டாள். அவள் கோபமெல்லாம் என் மேல்தான் திரும்பியது.

"முப்பது வருசமா இந்த மனுசனோட குடும்பம் நடத்துறேன். ஒரு டப்பா சொல்லுச்சுன்னு அவரு மூஞ்சியப் பாக்காம இருந்துட்டேனே! அந்த மனுசன் தொட்டிலு பக்கம்கூட வரல தெரியுமா? தூர நின்னு பாத்துட்டுப் போவாரு. என்னைய இப்படிப் பண்ண வச்சிட்டீங்களே!"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

கலியபெருமாள் அதற்குள் போய்க் குளித்துவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சோப்பு போட்டுத் தேய்த்தும் முழங்கை வரை கறுப்பு தெரிந்தது. அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பேரனைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறினார். பையன் அவர் விரலை இறுகப் பிடித்துக்கொண்டான். தெருக்காரர்களில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், வாத்தியாரம்மா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"மெஷின் சொன்னுச்சுன்னு நம்புனீங்க" என்றார் கலியபெருமாள், குழந்தையைப் பார்த்தபடியே. "இப்ப மெஷின் மாத்திச் சொன்னுச்சுன்னு நம்புறீங்க. நான் சொன்னத எப்பங்கம்மா நம்புவீங்க?"

"இனிமே உங்க வாயாலதான் கேப்பேன்" என்றேன்.

"அப்ப ஒண்ணு கேட்டுக்குங்க." இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பீடிய விடு விடுன்னு சொல்லிக்கிட்டு என்கிட்ட இத்தன பேரு வந்தீங்க. நானும் விட்டுட்டேன். ஆனா அதுக்கு மேல பொகைய அந்தப் பள்ளத்துல குடிக்கிறேன். அத என்னால விட முடியுமாங்க? பொகைபோக்கிய இன்னும் ரெண்டு ஆளு ஒசரம் ஏத்திக் கட்டுங்கன்னு மொதலாளிகிட்ட ரெண்டு வருசமா கேக்குறேன். கூலிக்காரன் கேட்டா எடுபடாது. உங்கள்ல யாராச்சும் ஒருத்தராவது அவருகிட்டப் போனீங்களா?"

யாரும் போகவில்லை. போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இருபது வருஷமாகப் புகையைத் தேடிப் போய், அதைக் குடிக்கிறவனிடம் மட்டுமே பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அன்றைக்கு வாத்தியாரம்மா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் மூன்றாவது அட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகை முதலாளியின் வீட்டுக்குப் போனோம். அவர் நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தார். அவருக்குப் பீடி, சிகரெட் எந்தப் பழக்கமும் கிடையாது என்று வாத்தியாரம்மா வரும்போதே சொல்லியிருந்தாள். என் வேலைக் காலத்தில் புகை பிடிக்காத ஒருவரிடம் போய்ப் புகையை நிறுத்தச் சொன்னது அதுதான் முதல் தடவை.